ஏணி என்று கூப்பிட்டவன்

எங்கள் சோங்சிங்கில் சுத்தியல் விற்பது அவ்வளவு மரியாதையான தொழில் இல்லை. சரக்கில் ஒரு குறையும் கிடையாது, பெயரில்தான் குறை. எங்கள் ஊர் வாயில் சுத்தியல் என்றால் ஆண்பிள்ளைகளிடம் மட்டும் இருக்கிற ஒரு சாமான். "உனக்கு என்ன சுத்தியலா தெரியும்?" என்று ஒருத்தன் கேட்டால் அடுத்தது கைகலப்புதான். மண்வாரி என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். "மழை வந்துச்சா?" "மண்வாரி வந்துச்சு." கழி என்றால் கழியும்தான், அந்தக் கழியைத் தோளில் வைத்துச் சுமை தூக்கிப் பிழைக்கிற ஆளும்தான். கடை வாசலில் நின்று "கழி!" என்று கத்திப் பாருங்கள், நாலு பேர் கயிற்றோடு ஓடிவருவார்கள். அவர்களுக்கு வேறு பெயர் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

அப்பா விட்டுப்போன இரும்புச் சாமான் கடை என்னுடையது. எனவே தெருவில் நான் சுத்தியல் அக்கா. முதல் தடவை கேட்கிற வெளியூர் வியாபாரி யாராவது சிரித்தால், அவனுக்கு மட்டும் விலை கொஞ்சம் ஏறும்.

தெரு என்று சொல்கிறேனே தவிர அது படிக்கட்டு. மேலே பஸ் போகிற சாலை, கீழே ஆற்றுத்துறை, நடுவில் ஈரம் காயாத கற்படிகள், இரண்டு பக்கமும் கடைகள். வண்டி எதுவும் இறங்காது. படகில் ஏற வேண்டிய எந்தச் சரக்கும் கழிக்காரர்கள் தோளில்தான் இறங்கும். பெரிய சுமை என்றால் முன்னால் போகிறவனுக்குக் கால் தெரியும், பின்னால் வருகிறவனுக்குச் சுமையின் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்காக அவர்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். முன்னால் போகிற ஆள், அதாவது முன்னாள், வழியில் இருப்பதைக் கருவிப் பெயரால் கூப்பிடுவான், பின்னால் வருகிற பின்னாள் செய்யப்போவதைப் பதிலாகச் சொல்வான்.

"ஆணி!" என்றால் கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. பதில், "தூக்கி வை!"

"ரம்பம்!" என்றால் படி விளிம்பு உடைந்திருக்கிறது. "குதிகால் வை!"

"கரண்டி!" என்றால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. "அழுத்தி வை!"

"சுத்தியல்!" என்றால் தலைக்கு மேல் ஏதோ தொங்குகிறது. "குனிஞ்சுக்கோ!" இதை யூஷான் என்கிற கழிக்காரன் கூப்பிடும்போதெல்லாம் மீன் கழுவுகிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு, "யாருதுடா தொங்குது?" என்று கேட்பார்கள். அவன் சலிக்காமல் தினம் ஒரு பதில் வைத்திருப்பான். அதில் ஒன்றைக்கூட இங்கே எழுத முடியாது.

பதில் வராவிட்டால் முன்னாள் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. இது ஒரு கட்டளை. இன்னொன்றும் உண்டு: கூப்பிட்டானா இல்லையா என்பதை முன்னாள் மட்டும்தான் சொல்லலாம். நூறு பேர் காதால் கேட்டிருந்தாலும் சரி, அவன் வாய் சொல்வதுதான் முடிவு. கூப்பிடாமல் சுமையைக் கொட்டியவனின் கழியை எல்லார் முன்னாலும் அறுத்துப்போடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் துறையில் அவன் தோளுக்கு வேலை கிடையாது.

யூஷான் எங்கள் படிக்கட்டின் முன்னாள். ஒல்லி உடம்பு, ஆனால் அவன் குரல் சாலையில் எழும்பினால் துறையில் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவனுடைய பின்னாள் தெங். தெங் இவனைவிட மூத்தவன், இளமையில் கல் குவாரியில் வெடி வைத்துக்கொண்டிருந்தவன். அதிகம் பேசமாட்டான். அவன் பதில் மட்டும் கடிகாரம் அடிக்கிற மாதிரி, தாமதிக்காமல் வரும்.

அந்தப் பதிலில்தான் வினை இருந்தது. ஒருநாள் இருவரும் என் கடை வாசல் வழியாக ஆணிப்பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வாசலுக்கு மேலே ஆகாயம்தான் இருக்கிறது. யூஷான் திடீரென்று "சுத்தியல்!" என்றான்.

"தூக்கி வை!" என்றான் பின்னால் தெங்.

நான் சிரித்துவிட்டேன். "டேய் யூஷான், சுத்தியலைத் தூக்கி வைக்கச் சொல்றான்டா, வீட்டுல சண்டையா?"

யூஷான் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்கியது, வேண்டுமென்றே மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். என் வாசலைத் தாண்டினால் அடுத்த வளைவில் கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும், அங்கே எப்போதும் ஆணிதான். தெங் அதற்கான பதிலைச் சொல்லிக்கொண்டு போகிறான். படிக்கட்டு மாறுவதில்லை, ஆபத்துகள் இடம் மாறுவதில்லை. எந்த அடிக்கு எந்தப் பதில் என்று கால்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. காதுக்கு வேலையே இல்லை. அவன் காது எப்போதோ போய்விட்டது.

யூஷான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். கழிக்காரர்கள் துறைக்கு மேலே ஒரு பழைய கிடங்கில் கட்டில் போட்டுக் கூட்டாக இருந்தார்கள். கழி எடுக்கிறவனுக்குக் கட்டில் உண்டு, எடுக்காதவனுக்கு இல்லை. செவிட்டுப் பின்னாளை எந்த முன்னாளும் சேர்த்துக்கொள்ளமாட்டான். தெங்குக்கு ஊரில் வீடும் கிடையாது, ஆளும் கிடையாது. அந்தக் கட்டிலை விட்டால் ஆற்றங்கரைதான்.

மறுநாளிலிருந்து யூஷான் வாயால் கூப்பிட்டபடியே தோளால் கழியை ஆட்டத் தொடங்கினான். ஆணிக்கு ஒரு குலுக்கல், கரண்டிக்கு நீளமாக ஓர் இழுப்பு. இருவர் தூக்குகிற சுமையில் ஒரே கழிதான், இந்த முனை அசைந்தால் அந்த முனைக்குத் தெரியும். தெங்கும் புரிந்துகொண்டான். இதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றவில்லை. எதிரே மாவு பிசைகிற கடைக்காரன்கூட, "என்னடா யூஷான், வரவர நடையிலே டான்ஸ் வருது" என்று கேட்டான். "பொண்டாட்டி மண்வாரி வாங்கிக் குடுத்திருக்கா, அதான் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்படி ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியது.

பிறகு என் எதிர்க்கடை லெய், படகில் ஏற்ற ஒரு காற்றழுத்த இயந்திரத்தை விற்றார். தார்ப்பாய் சுற்றிய அந்த மிருகம் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. லெய் முதலாளி எங்கள் தெருவிலேயே கெட்டிக்காரர். சரக்கிலும் பேரம் பேசுவார், ஆள் எண்ணிக்கையிலும் பேசுவார்.

"ஆறு பேர் வேணும் மொதலாளி" என்றான் யூஷான்.

"மூணு பேர் போதும். நாலாவது ஆளா நீ கத்துற சத்தத்தையே வச்சுக்கலாம்."

"ஆறு. இது உங்க மாமியார் இல்ல, மெதுவா உருட்ட."

"என் மாமியார் இதைவிட கனம்டா. நாலு. படகு கெளம்புது. முடியலேன்னா சொல்லு, மேல்துறை ஆளுங்களக் கூப்பிடுறேன். அப்புறம் இந்த வருஷம் முழுக்க அவனுங்கதான் என் சரக்கைத் தொடுவானுங்க."

யூஷான் வாயைத் திறப்பதற்குள் தெங் கயிற்றை எடுத்து இயந்திரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டான். லெய்யின் கை நாலு விரல் காட்டியது அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. யூஷான் அவன் தோளைத் தொட்டுத் தலையை ஆட்டினான். தெங் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தான். ஒரு வேலையிலிருந்து தன்னை விலக்குகிறான் என்று நினைத்தானோ என்னவோ, யூஷானின் கையைத் தட்டிவிட்டான்.

நாலு பேர் சுமைக்குக் கட்டு வேறு. நடுவில் ஒரு உருட்டு மரம், அதில் இயந்திரம் தொங்கும். முன்னால் குறுக்கே ஒரு கழியில் இருவர், பின்னால் குறுக்கே ஒரு கழியில் இருவர். முன்கழி என்ன குலுங்கினாலும் பின்கழிக்குப் போகாது, நடுவிலிருக்கிற கனம் விழுங்கிவிடும். முன்னால் யூஷானும் பெரிய லியாங்கும். பெரிய லியாங் குண்டு மனிதன், தூக்கும்போது வாயில் எதையாவது மென்றுகொண்டே இருப்பான். பின்னால் தெங்கும், துறையில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருத்தனும். அவனுக்கு இந்தக் கூப்பாட்டுப் பேச்சு தெரியாது. அவனை லெய்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

கிளம்புவதற்கு முன் யூஷான் என் வாசல் பக்கம் திரும்பி, தெங்கின் காது விஷயம் தெரிந்த ஒரே ஆளான என்னைப் பார்த்தான். நான் அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளரோடு திருகாணி எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அவன் பார்வையில் என்ன இருந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

மேல்பாதி நன்றாகவே போனது. "ஆணி!" "தூக்கி வை!" "கரண்டி!" "அழுத்தி வை!" எல்லாம் பழைய இடத்தில் பழையபடி. தெங்கின் கால்கள் கணக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கின. மீன்காரிகளுக்கு முன்னால் யூஷான் "சுத்தியல்!" என்று கத்தினான், அவர்கள் கேட்டதற்கு அன்று பதில் சொல்லவில்லை.

அன்று காலையில் தண்ணீர்க் குழாய்க்காரர்கள் கீழ்ப்பாதியில் படியைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். பள்ளத்தின் மேல் ஒரு பலகை போட்டிருந்தது.

"ஏணி!" என்று கூப்பிட்டான் யூஷான்.

ஏணி என்றால் பலகை. முன்னவர்கள் தாண்டும்வரை பின்னாள் அசையக் கூடாது. பதில், "நின்னாச்சு!" என்று வரவேண்டும்.

அந்த இடத்தில் எப்போதும் ரம்பம்தான் இருந்தது. "குதிகால் வை!" என்றான் தெங், கணீரென்று.

"ஏணி! ஏணிடா! நில்லு!"

அந்தக் குரல் எனக்குக் கேட்டது, லெய்க்குக் கேட்டது, மாவு பிசைகிறவனுக்கும் மீன்காரிகளுக்கும் கேட்டது. துறையில் படகுக்காரன் திரும்பிப் பார்த்தான். தார்ப்பாயின் முதுகைப் பார்த்தபடி தெங் அடுத்த படியில் ஒழுங்காகக் குதிகாலை வைத்தான். சுமை முன்னால் தள்ளியது. பெரிய லியாங்கின் ஒரு கால் பலகையில் இருந்தது, இன்னொன்று எங்கேயும் இல்லை. பலகை புரண்டது. அவன் பள்ளத்தில் விழுந்தான், இயந்திரம் அவன்மேல் இறங்கியது. கழி முறிந்து யூஷானைப் பக்கவாட்டில் எறிந்தது.

அதைத் தூக்கி எடுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குள் லியாங்கின் வாய் மெல்வதை நிறுத்தியிருந்தது. முன்பின் தெரியாதவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியே போனான், அவன் பெயரைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துறை நூடுல்ஸ் கடையில் கழிக்காரர்கள் கூடினார்கள், கடைக்காரர்கள் நாங்களும் போய் நின்றோம். லியாங்கின் மனைவி குயிலான் அவனை எரித்த சாம்பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் நின்றபடி கிண்ணத்திலிருந்து சாப்பிட்டார்கள், ஏனென்றால் பசி காத்திருக்காது. கூட்டத்தில் மூத்தவரான முதியவர் மௌ கிண்ணத்தை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"யூஷான், கூப்பிட்டியா?"

தெங் சுவரோரம் நின்று எல்லார் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். யூஷான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றான். வேண்டுமென்றுதான் அப்படி நின்றான்.

"கூப்பிடல" என்றான்.

அவன் கூப்பிட்டதை நாங்கள் அத்தனை பேரும் கேட்டிருந்தோம். லெய் முதலாளி தன் செருப்பைப் பார்த்தார். மாவுக்கடைக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், மௌ கையைக் காட்டினார். முன்னாள் சொல்லிவிட்டான்.

"நெசமா கூப்பிடலயா?" என்று கேட்டாள் குயிலான்.

"இல்ல அண்ணி. எதையோ நெனச்சிட்டு இருந்தேன்."

"என்னத்த நெனச்ச?"

 அவள் பெட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து அவனை அறைந்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்தாள்.

லியாங்கின் தம்பி, சின்ன லியாங், கழியை அறுக்க ரம்பம் வாங்க என் பின்னாலேயே கடைக்கு ஏறிவந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஒரு ரம்பத்தை எடுத்துப் பல்லைத் தடவிப் பார்த்து, "இதுக்குப் போயி இவ்ளோ சொல்றியே அக்கா" என்றான். நானும், "உனக்குன்னு வேணா கொறச்சுக்குறேன்" என்றேன். சொன்ன பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம். வாய்க்குப் பேரம் தவிர வேறு பழக்கம் இல்லை. ரம்பத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அன்று முறிந்தது இயந்திரத்தைத் தூக்கிய குறுக்குக்கழி. யூஷானின் சொந்தக் கழி முழுசாகக் கிடங்கில் இருந்தது, மூங்கில், கைபட்டுக் கறுத்தது. அதை ஸ்டூலில் வைத்து அறுத்தார்கள். நல்ல ரம்பம், சீக்கிரம் முடிந்தது.

சாயங்காலம் தெங் கடைக்கு வந்தான். கல்லாவுக்கு நேரெதிரே, என் முகத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

"சுத்தியல் அக்கா, அவன் என்ன சொன்னான்?"

"யாரு?"

"அக்கா, வெளையாடாத. அவன் கழிய ஏன் அறுத்தாங்க? தப்பு நான் பண்ணது. எனக்குத் தெரியும். காலு வச்சதுமே தெரிஞ்சுது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வியாபாரத்தில் தினம் சொல்கிற பொய்களில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்படி ஒருத்தன் பார்க்கும்போது உதட்டுக்குப் பொய் வரமாட்டேன் என்கிறது. வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னேன். "கூப்பிடலன்னு, சொன்னான்."

அவன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். "மடப்பய" என்று முனகிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

மறுநாள் கழிக்காரர்கள் சாப்பிடுகிற வேளைக்கு நானும் நூடுல்ஸ் கடையில் இருந்தேன். பசி ஒன்றும் இல்லை. தெங் உள்ளே வந்து மௌவின் எதிரே நின்றான். அவனுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாது, அதனால் தெருவுக்கே கேட்கும்படி பேசினான்.

"யூஷான் கூப்பிட்டான். எனக்குத்தான் கேக்கல. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளா கேக்காது."

மௌ நூடுல்ஸை உறிஞ்சி முடித்தார். "பின்னாளு அதைச் சொல்ல முடியாது."

தெங் அவர் வாயை உற்றுப் பார்த்தான்.

"பின்னாளு சொல்ல முடியாதுன்னேன்! கூப்பிட்டதும் கூப்பிடாததும் முன்னாளு வாயில இருக்கு. அவன் சொல்லிட்டான். கழி அறுத்தாச்சு. அறுத்த மூங்கில ஒட்டவா சொல்ற?"

"தெருவே கேட்டுச்சுங்க. இவங்களக் கேளுங்க. சுத்தியல் அக்காவக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா, கூப்பிட்டான். ஏணின்னு கூப்பிட்டான்" என்றேன். லெய்கூட, வேறு வழியில்லாமல், தலையை ஆட்டினார்.

மௌ எங்கள்மேல் கோபப்படவில்லை. "எனக்கும்தான் கேட்டுச்சு அக்கா. துறையில நின்னுட்டிருந்தேன். கேட்டு என்ன செய்ய? நாளைக்கு ஒவ்வொரு சொமைக்கும் கேட்டவன் ஒருத்தன், கேக்காதவன் ஒருத்தன்னு கடைக்காரங்க வந்து நிப்பீங்க. எங்க தப்ப நீங்க பேரம் பேசுவீங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு."

அதற்கு நான் என்ன சொல்ல? பேரம் பேசுவோம்தான்.

யாரோ ஒருத்தன் தெங்குக்குப் பின்னால் போய்ப் பாத்திர மூடி ஒன்றைக் கல் தரையில் போட்டான். நாங்கள் எல்லாரும் துள்ளினோம். தெங் மௌவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், பதிலுக்காக. அதோடு அந்த விஷயமும் முடிந்தது. சின்ன லியாங் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனான். எங்கே போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

குயிலான் அன்று ஊருக்குப் படகேற வந்திருந்தாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தெங்கின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நேத்துலருந்து ஒருத்தனத் திட்டிட்டிருந்தேன். ராத்திரி தூக்கம்கூட வந்துச்சு. இப்ப நான் யாரத் திட்ட? சொல்லு, நான் யாரத் திட்ட?" அவள் வேகமாகப் பேசினாள், அழுதுகொண்டே பேசினாள், அவனால் வாயைப் பிடிக்க முடியவில்லை. "மெதுவா சொல்லு தங்கச்சி" என்றான். அவள் சட்டையை விட்டுவிட்டு, பெட்டியோடு துறைக்கு இறங்கினாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், யூஷான் நிலக்கரித் தூசியோடு ஓடிவந்தான். நிலக்கரிப் படகில் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான், வேறு யாரும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. வந்தவன் தெங்கைப் பிடித்துத் தள்ளினான்.

"உன்னை யாருடா கேட்டா? செவிட்டு மண்வாரி! என் கழி போச்சு, போகட்டும்னு விட்டேன். உன் கட்டிலாவது மிஞ்சட்டும்னு தானடா விட்டேன்! ரெண்டும் போச்சு இப்ப! உன் சுத்தியல்ல கொண்டு போயி உப்பு வை! எவன்டா உன்னை வாயத் தொறக்கச் சொன்னது?"

அந்தக் குரல் படிக்கட்டு முழுக்க ஏறியது. அவன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, விடாமல் திட்டினான். தெங் சுற்றிவந்து அவன் வாய்க்கு எதிரே நின்றான். யூஷான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தெங் மறுபடி சுற்றிவந்தான். தூரத்திலிருந்து பார்த்த மீன்காரி ஒருத்தி, என்ன நடக்கிறதென்று தெரியாமல், சிரித்தாள்.

சின்ன லியாங் கிடங்கிலிருந்து தெங்கின் படுக்கையைச் சுருட்டிக் கொண்டுவந்தான். வீசியெறியவில்லை. படியில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தான், அதன்மேல் தெங்கின் தேநீர்க் குவளையையும் வைத்தான். மேலே லெய்யின் கடையிலிருந்து "கழி!" என்று குரல் வந்தது. சின்ன லியாங் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போனான்.